கூரைச் சோறும் இரண்டு வருடப் பட்டமும்

தாஜ்மகால் இன்றுவரை விழாமல் நிற்பது வெறும் தற்செயல். அதைக் கட்டிய அத்தனை ஆயிரம் பேரில் ஒருவரிடம்கூட இரண்டு வருடப் பட்டம் கிடையாது. தஞ்சாவூர்க் கோபுரத்தின் கதையும் அதுதான். கட்டட நிர்வாகம் படித்த ஓர் ஆள்கூடப் பக்கத்தில் இல்லாமல் அவ்வளவு உயரத்துக்குக் கல்லை ஏற்றியிருக்கிறார்கள். என்ன துணிச்சல்! ஆயிரம் வருடமாக நிற்கிறதே என்று சிலர் வாதம் செய்யக்கூடும். நிற்பது வேறு, முறைப்படி நிற்பது வேறு.

அடியேன் ராஜப்பன், க.நி.வி. பெயருக்குப் பின்னால் நிற்கும் மூன்று எழுத்துக்குக் 'கட்டட நிர்வாக விசாரதர்' என்று பொருள். தர்மபுரி மாவட்டத்து யூனியன் ஒன்றில் தலைமை மேற்பார்வையாளன். எந்த யூனியன் என்று சொல்லமாட்டேன். சொன்னால் மற்ற யூனியன்கள் ஏங்கிப்போகும். நான் படித்த சேலம் சர்வகலா கட்டட நிர்வாகக் கல்விக்கூடம் தன் பத்தாம் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறது. தலைப்பையும் அவர்களே அனுப்பிவிட்டார்கள்: 'கட்டட நிர்வாகத் தொழிலுக்கு இரண்டு வருடப் பட்டம் பயன்படுமா?' பதிலையும் அவர்களே அனுப்பிவிட்டார்கள்: 'பயன்படும்.' நடுவில் உள்ளதை மட்டும் நான் எழுதினால் போதுமாம்.

எங்கள் முதல்வர் கிருஷ்ணப்பன் லேசுப்பட்டவர் அல்ல. முன்பு நாடகக் கம்பெனியில் திரைச்சீலை எழுதியவர். அவர் எழுப்பிய கோட்டை கொத்தளங்களில் ஒன்றுகூட இடிந்து விழுந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆட்டம் முடிந்ததும் சுருட்டி வைத்துவிடுவார்கள்.

"கட்டடம் கட்டறதுக்குக் கொத்தனாரு இருக்கறான். அவனை நிர்வாகம் பண்ணப் போறவங்கடா நீங்க. எவனாச்சும் கரணையத் தொட்டீங்க, சீட்டைக் கிழிச்சிருவேன்" என்பார்.

1968-இல் சேர்ந்தேன். முதல் வருடம் முழுவதும் கோடு போட்டோம். நேர்கோடு, சாய்கோடு, புள்ளிக்கோடு. இரண்டாம் வருடம் நிர்வாகம். குடையை எந்தக் கையில் பிடிப்பது, மேஸ்திரி ஒன்று சொன்னால் எத்தனை நொடி யோசிப்பதுபோல் நின்றுவிட்டு மறுப்பது, கட்டடத்தைப் பார்க்கும்போது புருவத்தை எவ்வளவு சுருக்குவது என்றெல்லாம் தனித்தனிப் பாடம்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். அந்தக் காலத்தில் சிமெண்டுக்குப் பர்மிட் வேண்டும். எங்கள் கல்விக்கூடத்தின் மனு இரண்டு வருடமும் 'பரிசீலனையில்' இருந்தது. அதற்காகக் கான்கிரீட் பாடம் நடத்தாமல் விட முடியுமா? முதல்வர் நாடகக்காரர் அல்லவா, ஒன்று இல்லாத இடத்தில் இன்னொன்றை வைக்கத் தெரிந்தவர். சிமெண்டுக்குப் பதில் கேழ்வரகு மாவு. மணலுக்குப் பதில் அரிசி நொய். ஜல்லிக்குப் பதில் நிலக்கடலை. ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நாலு என்று அளந்து போட்டு, அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, துடுப்பால் கிண்டிக் கான்கிரீட் செய்தோம். இறுதித் தேர்வில் என் கான்கிரீட்டைத் தேர்வாளர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். நூற்றுக்கு எண்பத்து நாலு மார்க். பக்கத்து மாணவனுடையது கட்டி தட்டிவிட்டது, பாவம், பெயிலாகிவிட்டான். அவன் தண்ணீரைக் குறைத்துவிட்டான் என்று தேர்வாளர் சொன்னதை நான் வேதவாக்காக மனதில் வாங்கிக்கொண்டேன்.

என் தாய்மாமன் தீர்த்தகிரி அப்போது யூனியன் சேர்மன். உறவு பார்த்து எனக்கு வேலை கொடுத்தார் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அபாண்டம். 'கட்டட வேலைகளை இனி இரண்டு வருடப் பட்டம் பெற்றவரே நடத்த வேண்டும்' என்று யூனியன் முதலில் தீர்மானம் போட்டது. பிறகுதான் பட்டம் பெற்றவரைத் தேடியது. தேடியதில் ஒரே ஒருவர்தான் அகப்பட்டார். அவர் அப்போது மாமா வீட்டில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதுவரை எங்கள் பக்கத்தில் கட்டடம் என்றால் கம்பைநல்லூர் அப்துல் ஷுக்கூர் மேஸ்திரிதான். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "ஒரு நூலு வெளிய நிக்குதுங்க" என்பார். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் சரியாக ஒரு நூல் வெளியே நிற்கும். இப்படி ஒரு கண்ணோடு வேலை செய்கிறவரை நம்பி எப்படிப் பொதுக் கட்டடங்களை விடுவது?

அவரிடம் இன்னொரு விநோதமான பழக்கமும் இருந்தது. கான்கிரீட் கூரை போட்டு, கீழே முட்டுக் கொடுத்திருக்கும் சென்ட்ரிங் பலகைகளைப் பிரிக்கிற அன்று, அந்தக் கூரைக்கு அடியில் நட்ட நடுவில் பாய் விரித்து, மேஸ்திரி தன் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவார். மனைவி ஜுபைதா, மகள் ஷகிலா, கைக்குழந்தையாக இருந்த காசிம், யாரும் பாக்கி இல்லை. ஜுபைதாம்மா ஒரே ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பார். அப்புறம் தூக்குச்சட்டியைத் திறப்பார். அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் உள்ளே வரலாம். ஊரில் இதற்குக் 'கூரைச் சோறு' என்று பெயர். பிள்ளைகுட்டிகளோடு அவர் சாப்பிட்டு எழுந்தால் கூரைக்கு மறுபேச்சு இல்லை. பாடப்புத்தகத்தில் இல்லாத சோதனை என்பதால் நான் இதை ஒரு மூடப்பழக்கம் என்று குறித்துக்கொண்டேன்.

1974-இல் கல்லுமேட்டூருக்கு ஒரு பள்ளிக்கூடம் அனுமதியாயிற்று. இண்டூர் போகிற வழியில் இருக்கும் சிறிய ஊர் அது. அறுபத்து மூன்று பிள்ளைகள் புளியமரத்தடியில் படித்துக்கொண்டிருந்தார்கள். மழை வந்தால் மாட்டுக்கொட்டகை. சென்னம்மாள் டீச்சர் ஆறு வருடம் மனுப் போட்டு வாங்கிய கட்டடம் அது. நியாயமாக அந்த அம்மாள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மாறாக இன்னொரு மனுப் போட்டார். 'இந்த வேலையை ஷுக்கூர் மேஸ்திரியே நடத்தட்டும். இரண்டு வருடப் பட்டம் இதற்கு எவ்வளவு தூரம் பயன்படும் என்று தெரியவில்லை.'

கேள்வி வந்துவிட்டால் விசாரணை வேண்டும் அல்லவா? உடனே ஒரு கமிட்டி அமைந்தது. மாமா தலைவர். யூனியன் கிளார்க் மாரப்பன் குறிப்பெழுதுபவர். நான் நிபுணர்.

"ஏனுங்க சேர்மன், நம்ம ராஜப்பன் சாரைப் பத்தித்தான் விசாரணை. அவரே கமிட்டியில இருக்கலாமுங்களா?" என்று மாரப்பன் ஓர் ஐயத்தைக் கிளப்பினார்.

"அவனைப் பத்தி அவனை விட வேற யாருக்கு நல்லாத் தெரியும்?" என்றார் மாமா. ஐயம் தீர்ந்தது.

ஷுக்கூர் மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். நான் பாடத்தில் சொன்ன அளவுக்குப் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"பாய், எத்தனை வருசமா இந்தத் தொழில் பண்றீங்க?"

"முப்பது வருசமுங்க தம்பி."

"முப்பது வருசத்துல என்ன கத்துக்கிட்டீங்க?"

"கட்டடம் கட்டக் கத்துக்கிட்டனுங்க. இன்னும் கத்துக்கிட்டுத்தான் இருக்கறனுங்க."

மாமா மேஜையைத் தட்டினார். "மாரப்பா, எழுதிக்கோ! முப்பது வருசமாயும் பாய் இன்னும் படிச்சு முடிக்கல. நம்ம ராஜப்பன் ரெண்டே வருசத்துல முடிச்சுட்டான். இதுல யாரு கெட்டிக்காரன்?"

மேஸ்திரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தம்பிதானுங்க" என்றார். மாரப்பன் அதை ஒப்புதல் வாக்குமூலமாக எழுதிக்கொண்டார்.

"சரி, நீங்க கட்டுனதுக்கு ஆதாரம் ஏதாச்சும் இருக்குதா?" என்று நான் தொடர்ந்தேன்.

மேஸ்திரி அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "இப்ப நீங்க உக்காந்திருக்கற ஆபீசுதானுங்க."

மாரப்பனை அனுப்பி வாசல் கல்வெட்டைப் பார்த்துவரச் சொன்னோம். திரும்பி வந்தார். "தெறந்து வெச்சவங்க பேரு இருக்குது. தலைமை தாங்குனவங்க பேரு இருக்குது. வாழ்த்திப் பேசுனவங்க பேருகூட இருக்குது. பாய் பேரு இல்லீங்க."

"கல்லுல இல்லாததைக் கமிட்டி ஒத்துக்க முடியாது" என்றார் மாமா.

வாசலில் நின்றிருந்த சென்னம்மாள் டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, அந்தக் கல்லுல இருக்கறவங்க யாராச்சும் ஒரு பாண்டுக் கலவை தூக்குனாங்களா?"

"டீச்சர், கேள்வி கேக்கறது கமிட்டி வேலைங்க" என்றேன்.

"எனக்கு அறுபத்து மூணு புள்ளைங்க இருக்குதுங்க. அதுங்க தலைக்கு மேல போடப் போறீங்க. நான் கேக்காம யாரு கேப்பாங்க?"

அந்த அம்மாளின் குரல் நடுங்கியதாக மாரப்பன் குறிப்பில் எழுதியிருந்தார். உணர்ச்சிக்கு நடவடிக்கைக் குறிப்பில் இடமில்லை என்று நான் அடித்துவிட்டேன். 'கட்டட நிர்வாகத்துக்கு இரண்டு வருடப் பட்டம் பயன்படும். முப்பது வருட அனுபவம் இடைஞ்சல்' என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கருணையுள்ளத்தோடு மேஸ்திரியை என் கீழ் வேலை செய்ய அனுமதித்தோம்.

சுவர்கள் எழும்பும்வரை ஒரு குறையும் இல்லை. நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன், அவர் கட்டினார். நிர்வாகம் என்பது அவ்வளவுதான்.

கூரை போடும் நாள் வந்தது. சித்தாள்கள் கலவையைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. கலவை விறைத்துக்கொண்டு, துடுப்புப் போட்டால் நிற்கும் பதத்தில் இருந்தது. பெயிலான பக்கத்து மாணவனின் முகம் என் கண் முன்னால் வந்து நின்றது.

"தண்ணி ஊத்துங்க!" என்றேன். "இன்னும்! இன்னும்!"

மேஸ்திரி சாரத்திலிருந்து இறங்கி ஓடி வந்தார். "தம்பி, தண்ணி ஜாஸ்தியாகுதுங்க. இப்படி ஓடுனா சிமெண்டுப் பாலெல்லாம் கீழ வடிஞ்சிரும். வெறும் மணலும் ஜல்லியுந்தான் மேல நிக்கும்."

"பாய், களி கிண்டறப்ப தண்ணி பத்தலீன்னா என்ன ஆகும்?"

"கட்டி தட்டுமுங்க."

"அதேதான்."

"இது களி இல்லீங்களே தம்பி."

"விகிதம் ஒண்ணுதான் பாய். ஒண்ணுக்கு ரெண்டு, ரெண்டுக்கு நாலு. நான் எண்பத்து நாலு மார்க்கு."

அவர் என்னையே பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அது எனக்குப் பொறுக்கவில்லை. அங்கேயே ஒரு மெமோ எழுதிக் கொடுத்தேன்: 'மேற்பார்வையாளரின் ஆணைப்படி தண்ணீர் ஊற்றாவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.' அவருக்குப் படிக்கத் தெரியாதே! மரத்தடியில் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்த சென்னம்மாள் டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். டீச்சர் படித்துச் சொன்னார். மேஸ்திரி கரணையைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"செவுத்துக்கு நான் ஜவாப்புங்க தம்பி. நூறு வருசம் நிக்கும். கூரைக்கு நீங்க ஜவாப்பு. கூரைச் சோத்துக்கு எங்க வூட்டுல யாரும் வரமாட்டாங்க."

சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். படிக்காதவர்களுக்கு ரோஷம் அதிகம். கலவை தண்ணீராக, அழகாக ஓடிப் பரவியது. எங்கள் முதல்வர் பார்த்திருந்தால் கிண்ணத்தை நீட்டியிருப்பார்.

மறுநாள் போய்ப் பார்த்தால் இன்னொரு அநியாயம். மேஸ்திரி சொல்லியனுப்பினார் என்று, டீச்சரும் ஊர்ப் பெண்களும் கூரை மேலே மண்ணால் வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்கியிருந்தார்கள். இருபத்தொரு நாள் தண்ணீர் நிற்க வேண்டுமாம், அப்போதுதான் கான்கிரீட் இறுகுமாம். இறக்கி ஆறவைத்த களியில் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா? வரப்பை உடைத்துவிடச் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் மாமாவுக்கு மணிவிழா. அன்றைக்கே பள்ளிக்கூடத் திறப்பு விழா என்று நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. மாமாவுக்கு அறுபது வயது முடிவதைக் கான்கிரீட்டுக்காக ஒத்திப்போட முடியாது. எனவே சென்ட்ரிங்கை அன்று காலையே பிரித்தோம். கூரை நின்றது! நடுவில் கொஞ்சம் தொட்டில்போலத் தொங்கியது, அவ்வளவுதான்.

மாமா அண்ணாந்து பார்த்தார். "என்னடா அது, நடுவுல தொங்குது?"

"மழைத் தண்ணி ஒரே எடத்துல நிக்கறதுக்கு வசதிங்க மாமா."

"படிச்சவன் படிச்சவன்தான்" என்று மாமா மாரப்பனைப் பார்த்துச் சொன்னார்.

விருந்துக்கு உள்ளே இலை போட்டாகிவிட்டது. ஊரே வாசலில் நிற்கிறது. யாரும் உள்ளே போகவில்லை. சென்னம்மாள் டீச்சர் முன்னால் வந்தார்.

"மேஸ்திரி வரலீங்க. வேலைய நடத்துனது நீங்கதான். கூரைச் சோறு நீங்கதான் சாப்பிடோணும். உக்காருங்க சார்."

எனக்கென்ன பயமா? இல்லவே இல்லை. மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா? "பெரியவங்க மொதல்ல. மாமா, நீங்க உக்காருங்க" என்றேன்.

"எனக்கு இன்னிக்கி ஏகாதசி விரதம்டா."

"ஏகாதசி நேத்தே முடிஞ்சதுங்க சேர்மன்" என்றார் மாரப்பன்.

"அப்ப துவாதசி விரதம். ஏன் மாரப்பா, நீ போயி உக்காரேன்."

"நான் தற்காலிக ஊழியருங்க. நிரந்தரக் கட்டடத்துல மொதல்ல உக்கார எனக்கு அதிகாரம் இல்லீங்க. ரூல் பாக்கோணும்."

எல்லோரும் மறுபடியும் என்னைப் பார்த்தார்கள். நான் உள்ளே போனேன். நடுவில் கிடந்த இலையை எடுத்தேன். வெளிச்சம் போதவில்லை என்று இரண்டடி தள்ளிப் போட்டேன். காற்று வரவில்லை என்று இன்னும் நாலடி தள்ளினேன். இப்படியே நிர்வாகம் செய்து செய்து இலை வாசற்படிக்கு வந்துவிட்டது. இலை உள்ளே, நான் வெளியே. நான் சாய்ந்துகொண்டது மேஸ்திரி கட்டிய சுவரில். அதற்கு அவர் ஜவாப்புச் சொல்லியிருந்தார். பின்னால் நின்ற ஓர் ஆள், "சாருக்குக் கூரை எங்க முடியுதுன்னு நல்லாத் தெரியுது" என்றான். அதுவும் படிப்புதானே?

ரசம் ஊற்றும்போது மேலேயிருந்து ஒரு சிறு கட்டி 'டொப்'பென்று உள்ளே நடுவில் கிடந்த இன்னோர் இலையில் விழுந்தது. ஊர் முழுக்கச் சிரித்தது. மாரப்பன் வாய்க்குள்ளேயே, "கூட்டு வந்திருச்சுங்க" என்றார். மாமா தன் மணிவிழா ஏற்புரையைப் புளியமரத்தடியில் நிகழ்த்தினார். இயற்கையோடு இணைந்த வாழ்வு பற்றி உருக்கமாகப் பேசினார்.

விழா முடிந்தது. ஆனால் கட்டடம் 'பயன்பாட்டுக்கு உகந்தது' என்று சான்றிதழ் கொடுக்க வேண்டியிருந்தது. அதில் கையெழுத்துப் போடும் தகுதி யூனியனிலேயே எனக்கு மட்டும்தான். போட்டேன். 'திங்கட்கிழமை முதல் அறுபத்து மூன்று பிள்ளைகளுக்கும் வகுப்பும் மதிய உணவும் புதிய கட்டடத்திலேயே நடைபெற வேண்டும்.' என் கையெழுத்து மிக அழகாக இருக்கும். ஒரு வருடம் முழுக்கக் கோடு போட்ட கை.

திங்கட்கிழமை பிள்ளைகள் மரத்தடியிலேயே உட்கார்ந்து கோதுமை உப்புமா சாப்பிட்டார்கள். செவ்வாயும் அப்படியே. 'அரசு கட்டடத்தை ஏன் புறக்கணிக்கிறீர்கள்?' என்று டீச்சருக்கு மெமோ அனுப்பினோம். ஒற்றை வரியில் பதில் வந்தது: 'அந்தக் கூரைக்குக் கீழே கூரைச் சோறு சாப்பிட்டவர் பெயரைத் தெரிவிக்கவும், மறுநாளே பிள்ளைகளை உள்ளே அனுப்புகிறேன்.' இந்தக் கேள்விக்கு எந்தப் பிரிவு பதில் சொல்ல வேண்டும் என்று கோப்பு சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொருபுறம் டீச்சரைத் தற்காலிகமாக நீக்கிவிட்டுப் பிள்ளைகளை நாமே உள்ளே உட்காரவைப்பது என்று மாமா முடிவு செய்தார். அந்த உத்தரவை எடுத்துக்கொண்டு அடுத்த வியாழக்கிழமை நானே நேரில் போனேன்.

முன்தினம் நல்ல மழை. அன்று பளிச்சென்று வெயில். நான் சொன்ன 'வசதி'யில் தண்ணீர் குளம்போல நின்றது. மணி பன்னிரண்டே முக்கால். பிள்ளைகள் தட்டோடு மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் உத்தரவைப் பையிலிருந்து எடுத்தேன்.

கூரை விழுந்தது.

பெரிய சத்தம்கூட இல்லை. 'தொப்'பென்று, கவிழ்த்த களிபோல. நாலு சுவரும் அப்படியே நிற்க, நடுவிலிருந்து புழுதி எழுந்தது. பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு பொடியன், "டீச்சர், நாளைக்கும் விழுமா?" என்று கேட்டான்.

நான் பிள்ளைகளை எண்ண ஆரம்பித்தேன். ஏன் எண்ணினேன் என்று தெரியவில்லை. ஒருவரும் உள்ளே இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை அறுபத்தொன்று வந்தது. மறுபடி எண்ணினேன், அறுபத்தைந்து. நாலு தடவை எண்ணியும் கணக்கு நிற்கவில்லை. கடைசியில் சென்னம்மாள் டீச்சர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, "அறுபத்து மூணும் இருக்குதுங்க, உக்காருங்க" என்றார். உட்கார்ந்து அழுதேன். பாடத்திட்டத்தில் இல்லாத காரியம் என்பதால் இதை மலரில் சேர்க்க வேண்டாம் என்று ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் தெளிந்துவிட்டேன். அறிக்கை தயாரானது: 'அகால மழையால் கூரை சேதம். உயிர்ச்சேதம் இல்லை. மேற்பார்வையாளரின் முன்யோசனையால் கட்டடம் காலியாக வைக்கப்பட்டிருந்தது.' இந்த முன்யோசனைக்காக எனக்குத் தலைமை மேற்பார்வையாளர் பதவி கிடைத்தது. பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் அனுப்ப மறுத்த குற்றத்துக்காகச் சென்னம்மாள் டீச்சரைத் தீர்த்தமலைக்கு அப்பால் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். நிர்வாகத்தில் கட்டுப்பாடு முக்கியம்.

அதே சுவர்கள் மேல் புதுக் கூரையை ஷுக்கூர் மேஸ்திரி போட்டார். கலவையை விறைப்பாகப் போட்டார், நான் ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தொரு நாள் தண்ணீர் தேக்கினார், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. குடையைச் சரியான கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசலில் கல் வைத்தார்கள்: 'மேற்பார்வை: ராஜப்பன், க.நி.வி.' மேஸ்திரி பெயரைச் சேர்க்கலாமா என்று மாரப்பன் கேட்டார். கல்லில் இடமில்லை.

சென்ட்ரிங் பிரித்த அன்று நட்ட நடுவில் பாய் விரிந்தது. மேஸ்திரி, ஜுபைதாம்மா, ஷகிலா, காசிம், சுற்றிலும் அறுபத்து மூன்று பிள்ளைகள். தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்துச் சென்னம்மாள் டீச்சரும் வந்திருந்தார். "தம்பி, நீங்களும் வாங்க" என்றார் மேஸ்திரி. போனேன். யாரும் சொல்லாமலே பாய்க்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மாமாவும் வந்தார்; அவருக்கு அன்று எந்த விரதமும் இல்லை. கறிச்சோறு. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜுபைதாம்மா வழக்கம்போல ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு எனக்குப் பரிமாறினார். "நாங்ககூட ஒரு தடவ மேல பாத்துட்டுத்தான் சாப்பிடுவோம். நீங்க பாக்காமயே சாப்பிடறீங்களே சார்!" என்று சிரித்தார்.

பார்க்க என்ன இருக்கிறது? அது நான் போட்ட கூரை இல்லையே.

ஆகவே, வருங்கால விசாரதர்களே, இரண்டு வருடப் பட்டம் பயன்படுமா என்று தயங்காமல் வந்து சேருங்கள். பயன்படும். நான் போட்ட கூரைக்கு அடியில் நான் உட்காரக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் படிப்புதான். அதே கூரைக்கு அடியில் அறுபத்து மூன்று பிள்ளைகள் உட்காரலாம் என்று கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததும் அதே படிப்புதான்.